ஊமைப் பூவும் ஐந்து 'இல்லை'யும்

இந்த மே முதல் நாள் மேடைக்குத் தலைமையேற்று, பீப்பாய் உருட்டும் ஒருத்தியின் கையிலும் மைக்கைக் கொடுக்கத் துணிந்த எங்கள் சங்கத் தலைவர் ஃபூர்னியே அவர்களே! ரோஜாப் பறிப்பு தொடங்கிவிட்டால் முதுகு நிமிராது, அதற்குள் ஒரு நாளாவது நிமிர்ந்து நிற்போம் என்று தோட்டங்களை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் ஆட்டுக்கறியை வேகவிட்டு, காதை இங்கேயும் மூக்கை அங்கேயும் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களே! ஊர்வலத்தில் முழங்கி முழங்கித் தொண்டை கட்டிப்போன தோழர்களே! கையில் மணிப்பூக் கொத்தோடு யாரையோ தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களே! அதோ, மூன்றாவது தூணுக்குப் பின்னால், தான் நிற்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நிற்கும் எங்கள் ஆலை மேலாளர் தெவால் அவர்களே! உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், வணக்கம்.

என் பெயர் ரெஜான் பெலோன். மணிப்பூக் கொட்டகையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பேசத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் சிகரெட் பிடிப்பவர்கள் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். ஏன் என்று முடிவில் தெரியும். ஐயா, தொப்பிக்காரரே, உங்களைத்தான். காலடியில் போட்டு நன்றாக மிதியுங்கள். நன்றி.

இன்று இந்த நாடு முழுவதும் ஒரே பூ. மூகே! சின்னஞ்சிறு வெள்ளை மணிகளைத் தண்டில் கோத்து வைத்தது போன்ற மணிப்பூ. தாய் மகளுக்குக் கொடுக்கிறாள், கணவன் மனைவிக்குக் கொடுக்கிறான், கடன்காரன்கூடக் கடன் கொடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுத் தப்பப் பார்க்கிறான். உழைப்பாளர் திருநாளில் ஏன் இந்தப் பூ? வசந்தத்தில் பூக்கிறது, மலிவாகக் கிடைக்கிறது என்பார்கள். நான் சொல்லட்டுமா? இந்தப் பூவே ஒரு வேலைநிறுத்தக்காரி!

ஆம் தோழர்களே! ரோஜாவை அண்டாவில் இட்டு வேகவைத்தார்கள், தன் எண்ணெயைத் தந்தது. மல்லிகையைக் கொழுப்பில் பதித்தார்கள், தன் மணத்தைத் தந்தது. ஆரஞ்சுப் பூ தந்தது, லாவெண்டர் தந்தது, கேட்டவர்க்கெல்லாம் கேட்டதெல்லாம் தந்தது. இந்த மணிப்பூவை வேகவைத்தார்கள். தந்ததா? கொழுப்பில் கிடத்தினார்கள். தந்ததா? பிழிந்தார்கள், பிசைந்தார்கள், ஊறவைத்தார்கள், உலுக்கிப் பார்த்தார்கள். தந்ததா? பச்சைக் கீரை வேகும் வாடையைத் தந்துவிட்டு, மணத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டே வதங்கிப்போனது! இந்தத் தொழிலில் இதற்கு ஊமைப் பூ என்று பெயர். எனக்கோ அது ஊமையாகத் தெரியவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று உறுதியாக உட்கார்ந்துவிட்ட ஒருத்தியாகத் தெரிகிறது.

கேட்டும் தராத அந்த மணத்தைக் கையால் செய்தவர்கள் யார்? வெப்ப நாட்டில் விளையும் ஒரு புல்லின் எண்ணெயை எடுத்து, அமிலத்தில் குளிப்பாட்டி, தின்னரில் அலசி, வடித்து, வடித்ததை மீண்டும் வடித்து, நிறமில்லாத பாகு போன்ற ஒரு திரவத்தைச் செய்கிறோம். ஒரு சொட்டுப் போதும், இந்தச் சதுக்கமே ஈரக் காட்டின் ஓரம் போல் மணக்கும். உங்கள் குழந்தையைக் குளிப்பாட்டும் சோப்பில் அது இருக்கிறது. உங்கள் படுக்கை விரிப்பைத் துவைக்கும் பொடியில் இருக்கிறது. பாரிசில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் விலையுயர்ந்த புட்டியிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் புட்டியின் அட்டையில் மட்டும் எப்போதும் பூவின் படம்தான், எங்கள் படம் இல்லை!

(அங்கே யாரோ "பொய்ப்பூ" என்கிறீர்கள். காதில் விழுந்தது. ரோஜாத் தோட்டத்துக்காரர் தானே நீங்கள்? குரலிலேயே தெரிகிறது.)

பொய்ப்பூக்காரி! இந்தப் பெயரை நான் ரொட்டிக் கடையிலும் கேட்டிருக்கிறேன், என் கல்யாண விருந்திலும் கேட்டிருக்கிறேன். என் மாமனார் ரோஜாத் தோட்டக்காரர். பெண் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா செய்யறது டூப்ளிகேட் பூவாச்சே!" நான் சும்மா இருப்பேனா? "மாமா, உங்க ரோஜா அசலு. எங்க மூகேக்கு அசலே கெடையாது, அப்புறம் டூப்ளிகேட் எங்கேந்து வரும்?" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். அன்று நிச்சயமானதுதான் என் கல்யாணம்.

செயற்கை என்றால் கையால் செய்தது என்று பொருள். கையால் செய்தது இழிவென்றால், அண்ணா, உங்கள் ரோஜாவைப் பறிப்பது எது? காலா?

சரி, சிரித்தது போதும். நான் இன்று பூவைப் புகழ வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். ஒரு நாற்காலியைக் கேட்க வந்திருக்கிறேன். அந்த நாற்காலி இதோ, இந்த மேடையில் என் பக்கத்தில் காலியாக இருக்கிறது. ஒரு கால் குட்டை, அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறோம். இதில் பதினான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவளை நான்கு வாரங்களுக்கு முன் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவள் மறுபடி இதில் உட்கார வேண்டும். அதற்குத்தான் பேசுகிறேன்.

எங்கள் கொட்டகையைப் பற்றி வெளியாருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த மணம் எங்களுக்கு வராது! வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தலை சுற்றும். மூன்றாம் நாள் லேசாகத் தெரியும். ஒரு வாரத்தில் மூக்கு கையை விரித்துவிடும். மணிப்பூவும் தெரியாது, அதை அலசும் தின்னரும் தெரியாது. மற்ற வாசங்கள் எல்லாம் வரும், காப்பி வரும், மழை வரும், பக்கத்து வீட்டு மீன் குழம்பு வரும். நாங்கள் செய்வது மட்டும் வராது. ஊருக்கெல்லாம் மணத்தை வார்க்கிறோம், எங்களுக்கு ஒரு துளி இல்லை!

ஆனால் ஊருக்கு எங்களை நன்றாகத் தெரியும். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நானும் என்னோடு கொட்டகையில் வேலை செய்யும் லூசியனும் வேலை முடிந்த கையோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் பங்குச் சாமியார் பாதிப் பிரசங்கத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "லூசியன், பின்னாடி கதவுகிட்ட போய் ஒக்காரேன்பா. தூபம் போட்டது எனக்கே தெரிய மாட்டேங்குது." லூசியன் எழுந்து, "சாமி, நான் ஒண்ணும் பூசிக்கலையே!" என்று சட்டையை முகர்ந்து முகர்ந்து பார்த்தான். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? கோயிலே குலுங்கியது.

(லூசியன், முறைக்காதே. அன்று நீதான் ஊருக்கே சிரிப்பைத் தந்தாய்.)

இன்னொன்றும் சொல்கிறேன், இது சிரிப்பதற்கில்லை. ஒவ்வொரு மே முதல் தேதியும் என் கணவர் தவறாமல் ஒரு மணிப்பூக் கொத்து கொடுப்பார். நான் கண்ணை மூடி முகர்ந்து, "அடடா" என்பேன். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த "அடடா" பொய். அவர் இங்கேதான் நிற்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூக்குச் செத்த ஐந்து பேர் தின்னர் ஓடும் குழாய்களுக்கு நடுவே நிற்கிறோம். ஒழுகினால் எங்களுக்குத் தெரியாது. ஒரு பொறி போதும். அப்படியானால் இத்தனை ஆண்டுகள் எப்படி உயிரோடு இருக்கிறோம்? எங்களுக்கு முன்னால் அங்கே வேலை செய்தவர்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொட்டகைக்கு வெளியே, காற்று வரும் பக்கத்தில், ஒரு நாற்காலி. அதில் ஒருவர். அவர் கொட்டகைக்குள் வேலை செய்யக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து, ஒரு சுற்று நடந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, உடனே வெளியே போய்விட வேண்டும். அவருக்கு எங்கள் பாஷையில் வாசல்மூக்கு என்று பெயர். வாசனைக் கலவை போடும் பாரிஸ் நிபுணருக்கும் தொழிலில் மூக்கு என்றுதான் பெயர். அந்த மூக்குக்குக் கார், இந்த மூக்குக்கு இந்தக் குட்டைக்கால் நாற்காலி!

அதில் பதினான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவள்தான் நோரின் இஸ்நார். அதற்கு முன்பு ஒன்பது ஆண்டுகள் எங்களோடு உள்ளேதான் இருந்தாள். கைகளில் அரிப்பும் தடிப்புமாக வந்து வெளியேற்றப்பட்டாள். வெளியே போன பிறகு மூக்கு மட்டும் முன்னைவிடக் கூர்மையாகத் திரும்பி வந்தது. அந்த மூக்குக்காக அவள் என்னவெல்லாம் விட்டாள் தெரியுமா? வாசனை சோப்பை விட்டாள். சிகரெட்டை விட்டாள். மாலையில் எல்லாரும் குடிக்கும் சோம்பு மதுவை விட்டாள். தாய்மார்களே, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், பூண்டை விட்டாள்! இந்த ஊரில், இந்தத் தெற்கு மண்ணில், பதினான்கு ஆண்டுகள் ஒருத்தி பூண்டில்லாமல் சாப்பிட்டாள்!

(ஆமாம் அம்மா, உண்மைதான். நீங்கள் சிலுவைக் குறி போட்டது சரிதான்.)

திருவிழாவில் பூண்டு விழுதைப் பெரிய உரலில் இடித்து ஊரே தின்னும்போது, அவள் ஓரமாக அவித்த உருளைக்கிழங்கில் உப்பைத் தொட்டுத் தின்பாள். ஒருநாள் கேட்டேன்: "எதுக்கு நோரின் அக்கா இந்த வதை? ஒரு வாய் தின்னா என்ன ஆயிடும்?" அவள் சொன்னாள்: "நான் ஒரு வாய் தின்னா எனக்கு ஒண்ணும் ஆகாதுடி. உள்ள நிக்கற அஞ்சு பேருக்கு ஆகும்." சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

போன குளிர்காலத்தில் மேலாளர் தெவால் ஒரு கருவியை வாங்கிவந்து கொட்டகை உச்சியில் மாட்டினார். ஆவி கசிந்தால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. "இனி மூக்கெல்லாம் எதுக்குங்க, அதான் மிஷின் இருக்கே" என்றார். நோரின் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, தின்னர் ஆவி கனம். தரையோட தவழும். உங்க மிஷின் கூரையில தொங்குது. இது வவ்வாலுக்கு வச்சதா?" நாங்கள் சிரித்தோம். மேலாளர் சிரிக்கவில்லை.

மார்ச் மாதக் கடைசி. மழை. பெரிய சோப்புக் கம்பெனி ஒன்றுக்குச் சரக்கு போக வேண்டிய நாள், எல்லாக் குழாய்களும் முழு வேகத்தில் ஓடுகின்றன. காலை பத்து மணி இருக்கும். எனக்கு எதிரே ஒரு குழாய் மூட்டின் அடியில் ஈரம் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் கூரைத் தகடு ஒவ்வொரு வசந்தத்திலும் ஒழுகும். மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். கொட்டகையைச் சுத்தமாக வைத்திருப்பவள் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, பளிச்சென்று துடைத்துவிட்டேன். மழையா, மற்றதா என்று முகர்ந்து பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? எதைக்கொண்டு முகர்வது?

கொஞ்ச நேரத்தில் நோரின் தன் சுற்றுக்கு உள்ளே வந்தாள். இரண்டு அடி வைத்திருப்பாள். நின்றாள். "எல்லாரும் வெளிய! வெளிய போங்க! எதையும் தொடாதீங்க!" என்று கத்தியபடியே சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். ஆலையே நின்றது. நாங்கள் வாசலில் மாட்டியிருந்த பைகளைப் பிடுங்கிக்கொண்டு மழையில் ஓடினோம். முற்றத்தில் நின்றபோது என் கையில் அந்த ஈரத்துணி. பை நனைந்துவிடுமே என்று, காலைச் சாப்பாடு கொண்டுபோய்க் கழுவி வைத்திருந்த காலிக் கண்ணாடி ஜாடிக்குள் துணியைத் திணித்து, ரப்பர் வளையம் வைத்த மூடியை அழுத்திக் கொக்கியைப் போட்டேன். அதோடு மறந்துவிட்டேன்.

உச்சியில் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் பொறியாளர்கள் வந்தார்கள். கதவுகள் திறந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. குழாய்கள் நின்றுவிட்டதால் சொட்டுவதும் நின்றிருந்தது. மூட்டு காய்ந்திருந்தது. காயாமல் என்ன செய்யும், நான்தான் துடைத்துவிட்டேனே! பாதி வழியில் நின்ற சரக்கு முழுவதும் பாழ். சோப்புக் கம்பெனி கோபம். மறுநாள் விசாரணை. எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு கேள்வி: "நேத்து கொட்டகையில ஏதாவது வாசம் வந்துச்சா?"

நான் என்ன சொன்னேன்? "இல்லை."

லூசியன் என்ன சொன்னான்? "இல்லை."

ஐந்து பேர், ஐந்து கையெழுத்து, ஐந்து 'இல்லை'! ஒருவர் கூடப் பொய் சொல்லவில்லை தோழர்களே. வாசம் வரவில்லை என்பது சத்தியம். எங்களுக்கு எந்த நாளும் வராது என்பதும் சத்தியம். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அடித்துப்போட்டாற்போலத் தூங்கியவனை எழுப்பி, ராத்திரி மழைச் சத்தம் கேட்டதா என்று கேட்டு, இல்லை என்றவனிடம் கையெழுத்து வாங்கி, மழையே பெய்யவில்லை என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். எங்கள் மூக்கு உணராது என்பதற்காகத்தானே அந்த நாற்காலியே போட்டது? அந்த மூக்கையே சாட்சியாக்கி நாற்காலியை எடுத்துவிட்டோம்! இதைவிட ஒரு மடத்தனத்தை வேறு எந்த ஊர்த் தொழிலாளியாவது செய்திருப்பானா?

மூன்றாம் நாள் நான் லீவில் மலைக்குப் போய்விட்டேன், என் அக்கா வீட்டில் ஆலிவ் மரங்களுக்குக் கிளை கழிக்க. பதினொன்றாம் நாள் சமையலறையில் அக்கா கேட்டாள்: "காலி ஜாடி எதாவது வச்சிருக்கியாடி? ஆலிவ் அரைச்சது மிச்சம் கெடக்கு." என் பையில் ஒன்று கிடப்பது நினைவுக்கு வந்தது. எடுத்தேன். கொக்கியைத் தட்டினேன். மூடியைத் திறந்தேன்.

பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக, நான் செய்வது என்ன என்று எனக்குத் தெரிந்தது! இத்தனை நாள் மலைக்காற்றில் மூக்கு உயிர்த்திருக்கிறது. அம்மா! என்ன மணம் அது! ஈரமாய், குளிர்ச்சியாய், வெள்ளையாய். இதையா நான் பீப்பாய் பீப்பாயாக உருட்டிவிட்டேன்? இதற்கா என் கணவரிடம் பொய்யாக "அடடா" என்றேன்? நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சின்னப் பிள்ளை போல அழுதேன்.

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "ஏன்டி, பூவு வாசம் சரி, அடியில பெயிண்ட்காரன் டப்பா மாதிரி நாறுதே! எதைத் தூக்கிட்டு வந்த?" அப்போதுதான் நானும் உணர்ந்தேன். பூவுக்கு அடியில் மூக்கைக் குத்தும் தின்னர். நான் துடைத்தது மழை இல்லை.

மறுநாளே இறங்கி வந்தேன். வந்த பிறகுதான் நோரினுக்கு வேலைநீக்கக் கடிதம் போய்விட்டது என்று தெரிந்தது. "தேவையற்ற பீதியை உண்டாக்கியதற்காக" என்று எழுதியிருந்ததாம். நேராக அவள் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்ததுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடெல்லாம் பூண்டு வாசம்! அடுப்பில் வாணலி, வாணலியில் கைநிறையப் பூண்டு. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாடி. பதினாலு வருஷம் கழிச்சுப் பூண்டு வதக்கறேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா வாய்க்குள்ள போனா எறங்க மாட்டேங்குது."

நான் ஜாடியை நீட்டினேன். அவள் அடுப்பை அணைத்தாள். வாணலியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னலைத் திறந்து, கையைக் கழுவி, கொஞ்ச நேரம் வெளிக்காற்றை இழுத்தாள். பிறகுதான் ஜாடியை வாங்கி மூடியை ஒரு விரல் அளவு தூக்கினாள்.

"மூணு வாசம் வருது. ஒண்ணு பூ. ஒண்ணு தின்னர். மூணாவது உன் முட்டாள்தனம்."

"மன்னிச்சுடு அக்கா."

"என்கிட்ட கேக்காத. ஒழுகின எடத்தைத் தொடச்சுட்டு அங்கயே நின்னியே, உன் புருஷன்கிட்டப் போய்க் கேளு."

கோபம்தான். இருந்தும் அன்று என்னைச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினாள். பூண்டில்லாமல்.

ஜாடியை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். அவர் தொடவே இல்லை. "ஜாடியில யாரு வேணா எது வேணா போட்டுக் கொண்டு வரலாம்மா. அஞ்சு பேர் கையெழுத்து ஃபைல்ல இருக்கு" என்றார். சரி. ஆனால் மேலாளர் அவர்களே, விசாரணை முடிந்த அதே வாரத்தில் குழாய் மூட்டுகளின் வளையங்களை எல்லாம் ஏன் மாற்றினீர்கள்? "வழக்கமான பராமரிப்பு" என்று பலகையில் எழுதியிருந்தது. நான்கு ஆண்டுகளாக வராத வழக்கம் அந்த வாரம் மட்டும் எப்படி வந்தது? பதில் வேண்டாம். தூண் உங்களுக்கு நல்ல மறைவு.

அந்தக் கோப்பில் உள்ள ஐந்து கையெழுத்தில் ஒன்று என்னுடையது. இந்த ஊர் முன்னிலையில் சொல்கிறேன்: என் 'இல்லை'யை நான் திரும்பப் பெறுகிறேன்! "எனக்கு வாசம் வரவில்லை" என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. "வாசம் இல்லை" என்று சொல்ல எனக்கு மூக்கில்லை!

(யார் அது கை தூக்குவது? லூசியன்! நீயும் திரும்பப் பெறுகிறாயா? அப்படியே வைத்துக்கொள் கையை, எல்லாரும் பார்க்கட்டும். பின்னால் இன்னும் ஒரு கை, இன்னொன்று, அதோ நாலாவது. ஐந்தும் ஆயிற்று! தலைவர் அவர்களே, எண்ணிக்கொள்ளுங்கள்.)

இப்போது தெரிகிறதா, சிகரெட்டை ஏன் அணைக்கச் சொன்னேன் என்று? இதோ அந்த ஜாடி. இது நாள்வரை இரண்டு முறைதான் திறந்தது. நாங்கள் ஐவரும் சாட்சியாக முடியாது, உங்களால் முடியும். ரொட்டிக்காரர் கஸ்தோன் ஐயா, மாவு ஒரு மணி நேரம் கூடுதலாகப் புளித்தால் தெருமுனையிலேயே கண்டுபிடிக்கும் மூக்கு உங்களுடையது, மேலே வாருங்கள். நானே திறக்கிறேன். கிட்டே வேண்டாம், ஒரு முழம் தள்ளி. ம், சொல்லுங்கள். மைக்கில் சொல்லுங்கள்.

"பூவு... மூகே பூவு... ஐயய்யோ! அடியில தின்னரு! கண்ணு எரியுது!"

கேட்டீர்களா? ஊர் கேட்டதா? இன்னும் வேண்டுபவர்கள் வரிசையில் வாருங்கள். ரோஜாத் தோட்டத்து அண்ணா, பொய்ப்பூ என்றீர்களே, நீங்களும் வாருங்கள். முகம் சுளிக்கிறதே! பூ பொய்யாக இருக்கலாம் அண்ணா, ஆபத்து அசல்! மேலாளர் அவர்களே, உங்களுக்கும் அனுப்பட்டுமா? உங்கள் மூக்கு உயிரோடுதான் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறைதானே கொட்டகைக்குள் வருகிறீர்கள்! இதோ கஸ்தோன் ஐயாவே மூன்றாவது தூணுக்குக் கொண்டுவருகிறார். திறந்துவிட்டார். ஒன்றும் சொல்ல வேண்டாம் ஐயா. முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே, அது போதும். ஊர் பார்த்துவிட்டது.

ஜாடியை என்னிடம் கொடுங்கள். கடைசியாக ஒன்று.

லீவு முடிந்து கொட்டகைக்குத் திரும்பி எனக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகிறது. இதோ, மூக்கருகே வைக்கிறேன். நன்றாக இழுக்கிறேன். தாய்மார்களே, நீங்கள் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டு கண்ணைக் கசக்குகிறீர்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. பூவும் வரவில்லை, தின்னரும் வரவில்லை. எனக்கு இது ஈரத்துணி போட்ட ஜாடி, அவ்வளவுதான். மலையில் கிடைத்த அந்த மணம் மறுபடி போய்விட்டது. இந்த மூக்கோடு நாளை காலை ஐந்து மணி ஷிப்டுக்கு நான் எந்த நம்பிக்கையில் உள்ளே போவேன்? கூரையில் தொங்கும் பச்சை விளக்கை நம்பியா?

போக மாட்டேன்! போக மாட்டோம்! நோரின் இல்லாத கொட்டகைக்குள் நாங்கள் ஐந்து பேரும் கால் வைக்க மாட்டோம்! வேகவைத்தாலும் மாட்டோம், பிழிந்தாலும் மாட்டோம், உலுக்கினாலும் மாட்டோம்! அந்த வெள்ளைப் பூ எப்படி உட்கார்ந்ததோ அப்படி வாசலில் உட்காருவோம்! இந்த நாட்டின் சோப்பெல்லாம் மணக்காமல் போகட்டும். விரிப்பெல்லாம் வெறும் தண்ணீர் வாசம் அடிக்கட்டும். நாற்காலி திரும்பும்வரை ஒரு சொட்டு வெளியே போகாது!

நோரின் எங்கே? நீரூற்றுக்குப் பக்கத்தில் கூடையில் மணிப்பூ விற்றுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு மட்டும் உரிமம் இல்லாமலே யார் வேண்டுமானாலும் விற்கலாமே. நோரின் அக்கா! மேடைக்கு வா! உன் நாற்காலியை ஆலையிலிருந்து தூக்கியே வந்துவிட்டோம், குட்டைக் காலோடு! ஊர் பார்க்க இதில் ஒரு நிமிஷம் வந்து உட்கார்!

என்ன? என்ன சொல்கிறாள்? கொஞ்சம் அமைதி, அமைதி... கஸ்தோன் ஐயா, அவள் சொன்னதைக் கேட்டுச் சொல்லுங்கள்.

"மேடையில நான் என்னத்த மோந்து பாக்கறது? நாற்காலிய இருந்த எடத்துக்குக் கொண்டு போங்கடி. காலைல அஞ்சு மணிக்கு வரேன். பூண்டு திங்கல."

கேட்டீர்களா தோழர்களே? பூண்டு தின்னவில்லையாம்! வேலை போன வீட்டில் வாணலியை மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டு, எங்களுக்காக மூக்கைக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

நாளை விடிகாலை நாலரை மணிக்கு இந்த நாற்காலி இங்கிருந்து புறப்படும். நான் ஒரு பக்கம் பிடிப்பேன், லூசியன் ஒரு பக்கம். மற்ற இரண்டு கால்களுக்கு ஆள் வேண்டும். பூ பறிக்கும் கையும் வரலாம், பூ செய்யும் கையும் வரலாம். மாமா, நீங்கள் அங்கே கையை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. நன்றி மாமா.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், கறி தீய்ந்தாலும் நகராத தாய்மார்களுக்கும், கண் எரிய உண்மை சொன்ன கஸ்தோன் ஐயாவுக்கும், என் பொய் "அடடா"வைப் பத்தொன்பது ஆண்டுகள் நம்பிய என் கணவருக்கும், மைக்கைத் திரும்பக் கேட்காத தலைவருக்கும் நன்றி கூறி, நாலரை மணிக்கு நாற்காலியோடு சந்திக்கும்வரை விடைபெறுகிறேன். வணக்கம்!